மேற்குறிப்பிட்ட இடம்

தலவாக்கலை பஸ் தரிப்பிடத்தில், தான் வேலை செய்யும் அச்சுக் கடைக்கு நேர் எதிரே, நிரோஜினி ஒரு கண்ணை மூடி மறு கண்ணைப் பாதி சுருக்கிக்கொண்டு நிற்கிறாள். தூசி விழுந்துவிட்டதென்று நினைத்து ஒரு பெரியவர் ஊதிவிடவே கிட்ட வந்துவிட்டார். கண்ணில் தூசியும் இல்லை, துரும்பும் இல்லை. கடை வாசலில் மெஷின் பார்க்கும் தர்ஷன் உயர்த்திப் பிடித்திருக்கும் கல்யாண பேனரைத்தான் அவள் பார்க்கிறாள். இடையில் ஹட்டன் பஸ் ஒன்று வந்து நின்று போகிறது. அது நகரும்வரை காத்திருந்து, மறுபடி கண்ணைச் சுருக்கிப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்குகிறாள். தர்ஷனுக்கு விளங்கிவிட்டது. பேனரைச் சுருட்டிக்கொண்டு உள்ளே போகிறான்.

"பஸ்ஸுல போறவங்களுக்கு மூணு செக்கன்தான் கெடைக்கும். அதுக்குள்ள தாய்மாமா பேரு தெரியுது, படம் புடிச்சவரு பேரு தெரியுது. மாப்பிள பேரத்தான் காணோம்" என்று சாலையைக் கடந்து வந்து சொல்கிறாள். சிரிக்காமல்தான் சொல்கிறாள்.

வயது முப்பத்து மூன்று. வட்டவளைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில், வரிசை வீடுகளான லயம் ஒன்றில் பிறந்தவள். ஹட்டனில் ஆறு மாதம் கணினி வடிவமைப்புப் படித்துவிட்டு, பதினொரு வருடமாக இதே நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறாள். ஊற்றி வைத்த தேநீரை ஆறவிட்டுக் குடிப்பாள். கல்யாண வீட்டுக்குப் போனால் மாப்பிள்ளையைப் பார்க்கும் முன் சுவரில் சாய்ந்திருக்கும் படச்சட்டத்தை நேராக்குவாள். பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தால் போதும், வழியிலுள்ள பெயர்ப்பலகைகளுக்கெல்லாம் வாய்க்குள்ளேயே வைத்தியம் நடக்கும். "சுழி அடைஞ்சிருச்சு" என்று முணுமுணுப்பாள். தடித்த எழுத்தை நெருக்கி அடித்தால் மூன்று சுழி ண எது, இரண்டு சுழி ன எது என்று தெரியாமல் போகும் என்பது அதற்கு அர்த்தம். பக்கத்தில் இருப்பவர்கள் ஏதோ நாட்டு வைத்தியம் பேசுகிறாள் என்று நினைத்துக்கொள்வார்கள்.

கடைக்கு வருகிறவர்களோடு அவளுக்கு ஓயாத சண்டை ஒன்று உண்டு. அது காலி இடத்தைப் பற்றியது. பேனரில் கையகலம் வெறுமையாக விட்டுவைத்தால் போதும், "இது சும்மாதானே கெடக்கு, மச்சான் படத்தப் போட்டுருங்க" என்பார்கள். மச்சானுக்கு இடம் கொடுத்தால் மச்சானின் தம்பியும் வந்து நிற்பான். இடம் கொடுத்தால் மடம் பிடுங்குகிற கதைதான். ஆனால் அவர்கள்மேல் அவளுக்குக் கோபம் வருவதில்லை. பத்துக்குப் பன்னிரண்டு அடி லயக் காம்பராவில், அந்த ஒற்றை அறைக்குள், எட்டுப் பேர் படுத்து எழுந்தவர்களுக்குச் சும்மா கிடக்கும் இடம் கண்ணை உறுத்தாமல் என்ன செய்யும்? அவளும் அப்படிப் படுத்து எழுந்தவள்தான்.

"அது சும்மா இல்லண்ணே. பேரு மூச்சு விடுறதுக்கு விட்ட எடம். எல்லாரும் ஒரே நேரத்துல கத்துனா யாரு சொல்றது கேக்கும்? ஒருத்தர் பேசணும், மத்தவங்க கொஞ்சம் அடங்கி நிக்கணும்" என்பாள்.

நிறத்துக்கும் அவளிடம் ஒரு கணக்கு இருக்கிறது. "தேயிலைக்கு நடுவுல பச்சப் பலக நட்டா ஆடுகூட திரும்பிப் பாக்காது. பனி எறங்குனா மஞ்சளும் கறுப்பும்தான் கண்ணுக்கு நிக்கும்." வரிகள் ஒரே ஓரத்தில் தொடங்க வேண்டும் என்பதை, கொழுந்து பறிக்க ஆளுக்கொரு நிரை பிரித்துக் கொடுக்கும் தோட்டத்து வழக்கத்தை வைத்து, "நெரைய விட்டு வெளிய போகக்கூடாது" என்பாள். இதையெல்லாம் பல வருடமாகச் சொல்லிவருகிறாள். போன கார்த்திகைக்குப் பிறகு இன்னொன்றும் சேர்ந்திருக்கிறது. அதைச் சொல்லும்போது மட்டும் குரல் இறங்கிவிடும்.

"ஒரு வீட்டு ஆளுங்கள ஒண்ணா உக்கார வைங்க. பிரிச்சு வச்சா ஒருத்தர ஒருத்தர் தேடிப் போவாங்க."

சேர்ந்து வாசிக்க வேண்டிய வரிகளைத்தான் ஒரு வீட்டு ஆட்கள் என்கிறாள். அது வெறும் பேச்சில்லை. பொகவந்தலாவைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றின் மேற்பிரிவில், லயத்துக்குப் பின்னால் மண் வெடித்திருக்கிறதென்று முந்திய வருடம் அபாயப் பலகை வைத்தார்கள். அந்தப் பலகை நிரோஜினியின் கையால் ஆனது. தோட்டத்து அனர்த்தக் குழு எழுதிக் கொடுத்த தாளில் முதல் வரி, "பாதுகாப்பான இடம்: கீழ்ப்பிரிவுப் பாடசாலை." அடுத்த வரி, "அபாயம் ஏற்படின் உடனடியாக மேற்குறிப்பிட்ட இடத்துக்குச் செல்லவும்." அடியில், பலகைக்குக் காசு உதவியவர்களின் பெயர், "மேற்பிரிவு வாசிகசாலை." தாளில் எல்லாம் சரியாகத்தான் இருந்தது. பலகையின் அடிப்பகுதி மொட்டையாகத் தெரிகிறதென்று, பாடசாலை வரியைத் தூக்கி அடியில் ஒரு பச்சைப் பெட்டிக்குள் வைத்தவள் நிரோஜினி. உதவியவர்களின் பெயரை மேலே பெரிதாக வைத்தவளும் அவள்தான். பார்க்க எடுப்பாக இருந்தது. கடை முதலாளி முத்துலிங்கம்கூட அன்றைக்குப் பாராட்டினார்.

ஆறு மாதத்தில் மானாப் புல் வளர்ந்து பச்சைப் பெட்டியை மூடிவிட்டது. கார்த்திகை மாதம் மூன்று நாள் விடாத மழை. நான்காம் நாள் பின்னேரம் நான்கு மணிக்கு லயமே கிளம்பியது. பத்துக் குடும்பம் கால்போன போக்கில் கீழே பாடசாலைக்கு இறங்கியது. அழகுமுத்து மட்டும் மேலே ஏறினார். அந்த லயத்தில் கடிதம், கட்டளை எல்லாவற்றையும் வாசித்துச் சொல்கிறவர் அவர். மேற்குறிப்பிட்ட இடம் என்று பலகையில் இருக்கிறது. அந்த வரிக்கு மேலே இருந்த ஒரே இடம், லயத்துக்கும் மேலே மலையில் இருந்த வாசிகசாலை. கதவைத் திறந்து வைக்கிறேன் என்று முன்னால் போனார். ஆட்டை அவிழ்த்துவிட்டு வர மனைவி நாகலெட்சுமி பின்தங்கினார். மலை சரிந்து வாசிகசாலையைத்தான் கொண்டுபோனது.

கருமாதி பேனருக்குச் சொல்ல நாகலெட்சுமி கடைக்கு வந்தார். நிரோஜினியின் முன்னால் உட்கார்ந்து, கணவரின் அடையாள அட்டைப் படத்தை மேசைமேல் வைத்துவிட்டு, யாரிடமோ பேசுவதுபோலச் சொன்னார்.

"நான் கீழ போவோம்னுதான் சொன்னேன். பலகையில போட்டிருக்கு, வாடின்னாரு. படிச்ச மனுசன் சொன்னா கேக்கணுமில்ல? அடியில என்னமோ ஸ்கூல்னு எழுதியிருந்துச்சாம். மானா மூடிக் கெடந்தது யாருக்குத் தெரியும்?"

அவர் போனபிறகு நிரோஜினி அந்தப் பலகையின் பழைய கோப்பைக் கணினியில் திறந்து பார்த்தாள். நெடுநேரம் பார்த்தாள். முத்துலிங்கம் அவள் முகத்தைக் கண்டுவிட்டு, "அவங்க எழுதிக் குடுத்ததத்தானே போட்டோம். ஒரு எழுத்துப் பிழ இல்லையே, நிரோ" என்றார். உண்மைதான், ஒரு எழுத்துப் பிழை இல்லை. அதுதான் அவளை அறுத்தது. எழுத்துப் பிழை என்றால் யாராவது சிரித்துவிட்டுத் திருத்தியிருப்பார்கள். அந்தப் பலகையைச் செய்தது தான்தான் என்று நாகலெட்சுமியிடம் அவள் அன்று சொல்லவில்லை. கருமாதி பேனரை அழகாகச் செய்து கொடுத்துவிட்டு, அந்த அழகை நினைத்தே வெட்கப்பட்டாள்.

போக வேறிடம் இல்லாததால் பத்துக் குடும்பமும் அதே லயத்துக்குத் திரும்பிவிட்டது. நாகலெட்சுமியும் திரும்பினார். வைகாசி மழைக்கு முன் புதுப் பலகை வேண்டுமென்று அனர்த்தக் குழுவின் செயலாளர் ஜெயகாந்தன் சித்திரையில் கடைக்கு வந்தார். கையில் அதே மாதிரி ஒரு தாள், இந்த முறை இன்னும் நீளம். நிரோஜினி அதை வாசித்து முடித்து மேசை இழுப்பறைக்குள் வைத்துவிட்டாள்.

அவள் செய்தது மஞ்சள் பலகை. அதில் கறுப்பில் மூன்றே சொற்கள்: "கீழே பள்ளிக்கூடத்துக்குப் போங்க." பாதிப் பலகைக்குப் படம், ஓர் ஆண், ஒரு பெண், ஒரு பிள்ளை, சரிவில் இறங்கி ஒரு பாடசாலையை நோக்கி ஓடுகிறார்கள். மற்றதெல்லாம் வெறுமை.

ஜெயகாந்தனுக்கு மனசு ஒப்பவில்லை. "என்ன தங்கச்சி இது, வீட்டுல பேசுற மாதிரி இருக்கு. பலகைன்னா ஒரு மரியாதை வேணாமா? உதவி செஞ்சவங்க பேரெல்லாம் எங்க?"

"பின்பக்கம் போட்டிருக்கேன் அண்ணே. ஒண்ணும் விடல."

"பின்பக்கம் யாரு பாப்பா?"

"ஓடுறவங்க பாக்கமாட்டாங்க. அது போதும் எனக்கு."

பலகையை மெஷினில் ஏற்றி அனுப்பிவிட்டு இருந்திருக்கலாம். அவளுக்கு மனம் வரவில்லை. படத்தில் ஓடுகிறவர்கள் எந்தப் பக்கம் இறங்க வேண்டுமென்று கடையில் உட்கார்ந்து முடிவு செய்தால் மறுபடி அதே கதைதான் என்று, முதலில் வெறும் தாளோடு போய் லயத்து வாசலில் நின்று பார்த்தாள். பாதை இடதுபக்கமாகச் சரிந்து இறங்குகிறது. படத்தில் இருந்த மூன்று பேரையும் இடதுபக்கம் திருப்பினாள். பலகை முடிந்ததும் தர்ஷனோடு வான் வண்டியில் ஏற்றி அவளே கொண்டுபோனாள்.

நாகலெட்சுமியின் காம்பரா வாசலில் விறகு அடுக்கியிருந்தது. அதன்மேல் மழைக்கு மூடியிருந்தது பழைய அபாயப் பலகையின் பேனர் துணி. தலைகீழாகக் கிடந்த பச்சைப் பெட்டிக்குள் "கீழ்ப்பிரிவுப் பாடசாலை" என்ற எழுத்து இன்னும் புத்தம் புதிதாக இருந்தது. மூலையில் கடையின் பெயரும் தொலைபேசி எண்ணும் இருந்தன.

புதுப் பலகையை நாகலெட்சுமியின் முன்னால் நிமிர்த்தினாள்.

"எனக்குப் படிக்கத் தெரியாதே, தங்கச்சி."

"படிக்க வேணாம்மா. பாத்தாப் போதும்." மனசுக்குள் மூன்று எண்ணிவிட்டுப் பலகையைத் திருப்பினாள். "என்ன தெரிஞ்சிச்சு?"

நாகலெட்சுமி சரிந்து இறங்கும் பாதையைப் பார்த்தார்.

"எல்லாரும் கீழ ஓடுறாங்க" என்றார். பிறகு, "அந்த ஆம்பளயும் கீழதான் போறாரு" என்றார்.

நிரோஜினி பலகையைச் சுவரில் சாய்த்துவிட்டு, விறகின்மேல் கிடந்த துணியைக் காட்டினாள். ஐந்து மாதமாகச் சொல்லாமல் வைத்திருந்ததை அப்போதுதான் சொன்னாள்.

"இதயும் நான்தாம்மா செஞ்சேன். ஸ்கூல் பேர அடியில கொண்டுபோய் வச்சது நான். அழகா இருக்கட்டும்னு வச்சேன்."

நாகலெட்சுமி துணியைப் பார்த்தார். இவளைப் பார்த்தார். முகத்தில் எதையும் வாசிக்க முடியவில்லை. முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு காம்பராவுக்குள் போய்விட்டார். கதவு திறந்தே கிடந்தது. நிரோஜினி அந்தக் கதவைப் பார்த்தபடி நின்றாள். அழுதால் அதுவும் தன்னை அழகாகக் காட்டிக்கொள்வதாகிவிடும் என்று அழாமல் நின்றாள்.

ஜெயகாந்தனும் தர்ஷனும் பலகையை இரண்டு கம்பங்களுக்கு நடுவில் தூக்கிப் பூட்டினார்கள். நிரோஜினி பாதையில் இருபதடி இறங்கிப் போய், ஒரு கண்ணை மூடி மறு கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள். வலது மூலையை ஒரு விரலளவு ஏற்றச் சொன்னாள். ஏற்றினார்கள். அப்போது நாகலெட்சுமி வெளியே வந்தார். கையில் தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தி இருந்தது.

யாரையும் பார்க்காமல் நேரே பலகைக்குப் போனார். கம்பத்தடியில் குந்தி, விரற்கடை உயரத்துக்குத் தலைகாட்டியிருந்த மானாப் புல்லை ஒரு கையால் பற்றிக்கொண்டு, மறு கையால் வேரோடு வெட்டத் தொடங்கினார்.