கத்தாத கருவி

என் மருமகனுக்கு ஏழு புள்ளிகள் இருந்தன. எட்டாவது விழுந்தால் லைசென்ஸ் போய்விடும். லைசென்ஸ் போனால் வேலையும் போகும், ஏனென்றால் அவர் சொந்தக் காரில் மருந்துக் கடைகளுக்கு மருந்துப் பெட்டிகள் கொண்டுபோய்க் கொடுப்பவர். டோர்ட்மண்டிலும் சுற்றிலுமாக ஒரு நாளைக்கு நாற்பத்தொரு கடை. என் மகள் தொழிற்பயிற்சியின் மூன்றாவது வருடத்தில் இருந்தாள். வீடு ஓடியது அவருடைய சம்பளத்தில்தான்.

வேகமாகக் கார் ஓடிக் கமராவில் விழுந்தால் இங்கே தண்டத்தோடு விடமாட்டார்கள். ஓட்டுபவரின் பெயரில் புள்ளியும் ஏற்றி வைப்பார்கள். ஏழாவது புள்ளிக்கு வந்த எச்சரிக்கைக் கடிதத்தை மருமகன் என்னிடம்தான் கொண்டு வந்தார். அவர் இந்த நாட்டுக்கு வந்து ஐந்து வருடம். பேச்சு ஜெர்மன் போதும், கந்தோர்க் கடித ஜெர்மன் போதாது. நான் இரண்டு முறை வாசித்துவிட்டு, மொத்தம் ஏழு புள்ளி என்று சொன்னேன்.

"அவவுக்குச் சொல்லாதேங்கோ மாமா" என்றார். "பயந்திடுவா."

நான் சொல்லவில்லை.

அது நடந்து ஒரு கிழமைக்குள், அவருக்கு லீவான ஒரு நாள் காலை, உள்ளங்கை அளவில் ஒரு பெட்டியோடு வந்தார். திறந்தால் ராடார் வார்னர். வேகக் கமரா எங்காவது இருந்தால் கிட்டப் போவதற்கு முன்பே கத்திச் சொல்லும் கருவி.

"உங்களுக்குக் கரண்ட் வேலை தெரியுமெண்டு இவ சொன்னவ. இதை ஒருக்கா காரில பூட்டித் தருவியளோ மாமா?"

"இது இங்க தடை, தம்பி."

"எல்லாரும் வச்சிருக்கிறாங்கள். வயர் தொங்கினால்தான் பொலிசுக்குக் கண்ணில படும். நீங்கள் வடிவாப் பூட்டினால் ஆருக்குத் தெரியப்போகுது?"

கலியாணம் முடிந்து பதினான்கு மாதம். அந்தப் பதினான்கு மாதத்தில் அவர் என்னிடம் எதுவும் கேட்டதில்லை. எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வந்தால் உப்புக் குறைந்திருந்தாலும் உப்புக் கேட்கமாட்டார். எங்கள் ஊர்ப் பக்கத்தில் மருமகன் முதன்முதலாக வாய் திறந்து கேட்பதை மாமனார் மறுப்பதில்லை. என் தகப்பனார் என் அக்காவின் புருஷனுக்கு மறுக்கவில்லை, என் மாமனார் எனக்கு மறுக்கவில்லை. நான் "ஓம், பாப்பம்" என்றேன்.

பிறகுதான் வீட்டுக்குள் போய்ச் சட்டத்தை எடுத்து வாசித்தேன். இப்படி ஒரு கருவி காரில் வேலை செய்யக்கூடிய நிலையில் இருந்தாலே குற்றம். தண்டம். அதோடு ஒரு புள்ளி.

ஏழும் ஒன்றும் எட்டு. எட்டாவது புள்ளி விழாமல் இருக்க வாங்கிய சாமானே எட்டாவது புள்ளி.

அன்று முற்பகல் முழுக்க நான் அதை எப்படிச் சொல்வதென்று யோசித்தேன். 'ஏலாது தம்பி' என்று இரண்டு சொல். சொல்லியிருக்கலாம். அதற்குப் பதிலாக அந்த "வேலை செய்யக்கூடிய நிலையில்" என்பதையே திரும்பத் திரும்ப வாசித்துக்கொண்டிருந்தேன். வேலை செய்யாத நிலையில் இருந்தால் குற்றமில்லைத்தானே? கருவியின் பின்பக்கத்தில் நான்கு திருகாணி. கழற்றினேன். அலை வந்து விழுகிற பக்கத்தில், உள்ளே, சமையலறை அலுமினியத் தாளை அளவாக வெட்டி மூன்று மடிப்பாக ஒட்டினேன். மூடித் திருகினேன். கரண்ட் கொடுத்தால் பச்சை விளக்கு எரியும். எரிவதைத் தவிர வேறொன்றும் செய்யாது. மருமகன் கேட்டதையும் செய்தாயிற்று, புள்ளியும் விழாது, அவர் ஏற்கெனவே பயந்த மனிதர், மெதுவாகத்தான் ஓடுவார். இப்படித்தான் கணக்குப் போட்டேன்.

வேலையை மட்டும் குறை வைக்கவில்லை. இருபத்தாறு வருடம் தொழிற்சாலையில் மின்சாரப் பராமரிப்பில் இருந்தவன் நான். பியூஸ் பெட்டியில் முப்பத்துநான்கு பியூஸ். மல்டிமீட்டரால் ஒவ்வொன்றாகத் தொட்டு, சாவி திருப்பினால் மட்டும் கரண்ட் வரும் பியூசைத் தேடினேன். எப்போதும் கரண்ட் இருக்கும் ஒன்றில் கொழுவினால் பற்றரி இறங்கிவிடும். பதினேழாவது சரியாக இருந்தது. அதில் கிளைப் பியூஸ் ஒன்று செருகி, வயரைக் கண்ணாடியோரத் தூணின் மூடிக்குள்ளே ஏற்றினேன். அந்தத் தூணுக்குள் ஏர்பேக் இருக்கிறது. வயர் அதற்கு முன்னால் போனால் விபத்தில் ஏர்பேக் வயரையும் இழுத்துக்கொண்டு வெடிக்கும். பின்னால் விட்டேன். பிறகு கூரைத் துணிக்குள் தள்ளி, உள்கண்ணாடிக்குப் பின்னால் கருவியை ஒட்டினேன். நாலரை மணித்தியாலம். வெளியே வயர் ஒரு சென்ரிமீற்றர் கூடத் தெரியவில்லை.

மருமகன் குனிந்து, நிமிர்ந்து, நான்கு பக்கமும் பார்த்தார். "கொம்பனியில இருந்து வந்த மாதிரி இருக்குது மாமா" என்றார். சாவியைத் திருப்பினார். பச்சை எரிந்தது. அவருடைய தோள்கள் இறங்கியதைக் கண்டேன்.

பத்தொன்பதாவது நாள், ஞாயிற்றுக்கிழமை, கொலோனில் எங்கள் உறவுக்காரப் பிள்ளைக்கு ஞானஸ்நானம். மருமகன் கார் ஓட, நான் முன்னுக்கு இருந்தேன். மகள் பின்னால் தலையைச் சாய்த்து நித்திரை. பெருந்தெருவில் வேலை நடந்ததால் எங்களைக் கிராமத்துத் தெருவில் திருப்பிவிட்டார்கள். எழுபது என்று பலகை. ஊசி எண்பத்தைந்தைத் தாண்டியது.

"தம்பி, எழுபது."

"இருந்தால் இது கத்தும் மாமா. சும்மாதான் இருக்குது."

அவர் பயந்த மனிதர் என்று போட்ட என் கணக்கு அங்கேதான் உடைந்தது. பத்தொன்பது நாளும் கத்தாத கருவியை நம்பி, கமரா இல்லை, கமரா இல்லை என்று அவர் கொஞ்சம் கொஞ்சமாக வேகத்தைக் கூட்டியிருக்கிறார். நான் சொல்ல வேண்டும். சொன்னால் தாளைப் பற்றிச் சொல்ல வேண்டும், தாளைச் சொன்னால் புள்ளியைச் சொல்ல வேண்டும். பின்னால் மகள். தெருவோரத்து வெள்ளைக் கட்டைகள் ஐம்பது மீற்றருக்கு ஒன்றாக வந்துகொண்டிருந்தன. ஒன்பது கட்டை எண்ணினேன். அடுத்த கட்டைக்குள் சொல்லிவிடு, அடுத்த கட்டைக்குள் சொல்லிவிடு. பதினோராவது கட்டையில் சிவப்பாக மின்னியது.

"என்ன வெளிச்சம் அது?" மகள் எழும்பிவிட்டாள். "பிளிட்சர்க் கமராவோ?"

"மற்றப் பக்கத்துக் காருக்கு" என்றார் மருமகன்.

மற்றப் பக்கத்தில் கார் எதுவும் வரவில்லை. அவர் பச்சை விளக்கைப் பார்த்தார். நான் ஊசியைப் பார்த்தேன். தொண்ணூற்றாறில் நின்றதா, தொண்ணூற்றேழில் நின்றதா? இந்தக் காரின் ஊசி மூன்று கூட்டிக் காட்டும், முன்பே தொலைபேசி காட்டும் வேகத்தோடு ஒப்பிட்டுப் பார்த்திருக்கிறேன். சட்டப்படி இன்னும் மூன்று கழிப்பார்கள். தொண்ணூற்றாறென்றால் மிச்சம் தொண்ணூறு. எழுபதுக்கு மேல் இருபது. தண்டம் மட்டும். தொண்ணூற்றேழென்றால் இருபத்தொன்று, இருபத்தொன்றில் புள்ளி தொடங்குகிறது.

கோயிலில் தண்ணீர் ஊற்றியபோது பிள்ளை அழுததா என்று, வராமல் வீட்டில் நின்ற மனைவி இரவு கேட்டாள். எனக்குத் தெரியவில்லை.

நான்காம் நாள் மருமகன் வந்தார். "இந்தக் கருவி பழுது மாமா. இதைவிடத் திறமானது ஒண்டு இருக்காம். சொல்லி வச்சிட்டன். சனிக்கிழமை பூட்டுவம்."

எங்கள் வீட்டுக் கராஜில் நாங்கள் இருவர்தான். இனிமேல் முடியாது என்று தோன்றியது.

"அது பழுதில்லை, தம்பி. நான்தான் உள்ளுக்கு அலுமினியத் தாள் ஒட்டினனான்."

"என்ன தாள்?"

"சமையலறைத் தாள். கோழி சுத்துறது."

அவர் சிரிக்கப் போகிறார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. "எப்ப?"

"பூட்டின அண்டைக்கே."

"அப்ப இருவத்திமூண்டு நாள் நான் கோழித் தாளை நம்பி ஓடியிருக்கிறன்."

"இதோட பிடிபட்டாலே ஒரு புள்ளி. உங்களுக்கு எட்டாகும். அதுதான்…"

"அதைச் சொல்லியிருக்கலாமே. ஏலாது எண்டு சொல்லியிருக்கலாமே மாமா."

"நீங்கள் முதன்முதல் கேட்டது."

"அதுக்கு?"

எழுபத்தொரு வயதில், அந்த வழக்கத்துக்குப் பின்னால் என்ன காரணம் என்று ஒருவர் முதல் தடவை கேட்கிறார், எனக்குத் தெரியவில்லை.

"இனி ஒரு வழிதான்" என்றார் அவர், கார்க் கதவைச் சாத்திக்கொண்டு. "கடிதம் வந்தால், ஓடினது மாமா எண்டு எழுதுவம். ஆனால் படத்தில தலைமயிரைக் கண்டால் நம்பமாட்டாங்கள்."

நான் மொட்டை. அவர் அதைப் பகிடியாகச் சொல்லவில்லை.

கடிதம் வர இன்னும் பன்னிரண்டு நாள் எடுத்தது. அந்தப் பன்னிரண்டு நாளும் பதினொன்றரைக்குத் தபால்காரப் பெண்ணின் மஞ்சள் சைக்கிள் எங்கள் தெருவுக்குள் வருவதை யன்னலில் நின்று பார்த்தேன். கடிதம் என் வீட்டுக்கு வராது, அவருடைய வீட்டுக்குத்தான் வரும். ஆனாலும் நின்றேன். இரண்டாம் கிழமையில் என் நினைவில் இருந்த ஊசி தொண்ணூற்றேழிலேயே நின்றுவிட்டது. மகளின் சம்பளம், வாடகை, புது வேலை தேடும் மாதங்கள் என்று மனைவி தூங்கிய பிறகும் கூட்டிக்கொண்டிருந்தேன். பத்தொன்பது நாளில் எந்த நாள் நான் வாயைத் திறந்திருந்தாலும் அந்தக் கிராமத்துத் தெருவில் அவர் எழுபதில் போயிருப்பார்.

செவ்வாய்க்கிழமை பின்னேரம் கதவு மணி அடித்தது. மருமகனும் மகளும் நின்றார்கள். உறை திறக்கப்படாமல் அவர் கையில் இருந்தது.

"நீங்கள் வாசியுங்கோ. என்னால ஏலாது."

மகள் பக்கத்தில் நிற்கிறாளே என்று அவரைப் பார்த்தேன். "அவவுக்கு எல்லாம் சொல்லிட்டன்" என்றார். "என்ர பங்கும், உங்கட பங்கும்."

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கிழித்தேன். மேலே படம். ஓட்டுபவரின் முகம் தெளிவாக இருந்தது. என் முகம் இருந்த இடத்தைக் கறுப்பால் மறைத்திருந்தார்கள். அளந்த வேகம், கழிவு, மிச்சம் என்று மூன்று வரி. விரலை ஒவ்வொரு வரியாக இறக்கிக் கடைசி வரிக்கு வந்தேன்.

"தொண்ணூறு" என்றேன். "இருபதுதான் கூட. புள்ளி இல்லை."

மருமகன் செருப்புக் கழற்ற உட்காரும் வாங்கில் இருந்துவிட்டார். முகத்தை இரண்டு கையாலும் மூடிக்கொண்டார். மகள் கடிதத்தை என் கையிலிருந்து வாங்கித் தானும் ஒரு தரம் வாசித்தாள். என் வாசிப்பை அவள் சரிபார்த்தது அதுவே முதல் தடவை.

"முப்பத்திநாலு பியூசையும் ஒண்டொண்டாத் தொட்டுப் பாக்கத் தெரியுது" என்றாள். "வாய் திறக்கத் தெரியாது. ரெண்டு பேருக்கும்தான் சொல்லுறன். சாவியைத் தாங்கோ, நான் ஓடுறன்."

தேத்தண்ணி குடிக்காமலே போனார்கள். அந்தச் சனிக்கிழமை நான் கருவியைக் கழற்றினேன். மருமகன் படியில் இருந்து தொலைபேசியைப் பார்த்துக்கொண்டிருந்தார். முடிந்ததும் "நன்றி மாமா" என்றார், கடைக்காரனுக்குச் சொல்வதைப் போல.

இப்போது ஐந்து மாதம் ஆகிறது. இன்னும் ஏழுதான். எழுபது என்று பலகை இருந்தால் அறுபத்தெட்டில் ஓடுகிறார், பின்னால் வருபவர்கள் ஹோர்ன் அடிக்கிறார்கள் என்று மகள் சொன்னாள். வருவார்கள், சாப்பிடுவார்கள், மருமகன் என்னோடு கால்பந்து பேசுவார், காலநிலை பேசுவார். போன கிழமை அவருடைய காரின் இடது பின் விளக்கு எரியாததை யன்னலால் கண்டேன். ஒரு பல்பு. இரண்டு நிமிட வேலை. பல்பு என் மேசை லாச்சியிலேயே இருந்தது. இறங்கிப் போய்ச் சொல்லலாமென்று சப்பாத்தைத் தேடுவதற்குள், அவர் காரை எடுத்துக்கொண்டு சந்தியில் இருக்கும் கார் திருத்தும் கராஜுக்குப் போய்விட்டார்.