பொட்டு வைத்த விளக்கு

சூடான சைலன்ஸரில் ஈரப்புல் ஒட்டிக் கருகும் வாசனை இருக்கிறதே, அடுப்புத் தணலில் கீரைத்தண்டு விழுந்தாற்போல் பச்சையும் புகையுமாகக் கிளம்பி மூக்கின் அடியில் போய் உட்கார்ந்துகொள்ளும் அந்த வாசனை, இன்றைக்கும் யாராவது தோட்டத்துக் குப்பையைக் கொளுத்தினால் எனக்கு வந்துவிடுகிறது. வந்தால் அன்றைக்கு முழுக்க நான் ஒரு வேலைக்கும் ஆகமாட்டேன். ஜன்னல்களைச் சாத்திவிட்டுப் பேசாமல் உட்கார்ந்திருப்பேன். என் கணவர் இதற்கு ஒவ்வாமை என்று பெயர் வைத்திருக்கிறார், வைத்துக்கொள்ளட்டும்.

தொண்ணூறுகளின் கடைசியில் நாங்கள் மராட்டி பேசும் சீமையில், ஆகுர்டியில் இருந்தோம். திருநெல்வேலிக்காரரான அப்பாவுக்கு அங்கே ஒரு வண்டித் தொழிற்சாலையில், புதிதாக இறங்கும் மோட்டார் சைக்கிள்களை ஓட்டிப் பார்த்துச் சரி சொல்கிற வேலை. அப்படிப்பட்ட வீட்டில் நானும் அண்ணன் செல்வமும் வண்டிப் பைத்தியமாக வளர்ந்ததில் என்ன அதிசயம்? அண்ணன் கல்லூரி முடித்த கையோடு பழைய வண்டியொன்றை வாங்கி, அவன் கூட்டாளிகளோடு மாவளப் பக்கத்து மலையடிவாரங்களில் தார் போடாத பாதைகளில் ஓட்டக் கிளம்பினான். ஊர்க்காரர்கள் நடப்பதற்கும் எருமை போவதற்கும் உண்டான அந்த ஒற்றையடித் தடத்துக்கு மராட்டியில் "பாயவாட்" என்று பெயர். நானும் வருவேன் என்று ஒரு மாதம் அழுது அடம்பிடித்து, அப்பாவின் பழைய நூறு சிசி வண்டியை வாங்கிவிட்டேன். அப்பா போட்ட நிபந்தனை ஒன்றே ஒன்று: "ரெண்டு பேரும் ஒண்ணாப் போயி ஒண்ணா வரணும். ஒருத்தர் மட்டும் வீட்டு வாசல்ல வந்து நின்னா, அன்னைக்கே வண்டிச் சாவி எங்கிட்ட வந்துரும்."

அண்ணன் எனக்குக் கற்றுக்கொடுத்த விதத்தைச் சொன்னால் சிரிப்பீர்கள். சக்கரத்தில் காற்றைக் கொஞ்சம் இறக்கிவிட்டு, இருக்கையில் உட்காராமல் கால்மிதியில் எழுந்து நின்று, முழங்காலால் பெட்ரோல் டேங்கை இடுக்கிக்கொண்டு போகவேண்டும். கல் கிடக்கும் இறக்கத்தில் முன் பிரேக்கைத் தொட்டால் நேரே தரைதான். முதல் வாரத்தில் பதினோரு தடவை விழுந்தேன். அவன் ஒவ்வொரு தடவையும் எண்ணி, வீட்டுக்கு வந்து அம்மாவிடம் ஒப்பித்தான், பாவி. எல்லாவற்றுக்கும் மேலாக அவன் ஓயாமல் சொன்னது இதுதான்: "ஏட்டி, கண்ணு போற எடத்துக்குத்தான் வண்டி போவும். கல்லப் பாத்தேன்னா கல்லு மேலதான் ஏத்துவ. பின்னால திரும்பிப் பாத்தேன்னா பள்ளத்துலதான் கெடப்ப. முன்னால மட்டும் பாரு."

அவர்கள் கூட்டத்தில் இன்னொரு வழக்கமும் இருந்தது. பாதை பிரிகிற இடம் வந்தால் முன்னால் போகிறவர் நின்றுவிட வேண்டும், பின்னால் வருகிறவரின் விளக்கு கண்ணில் பட்ட பிறகுதான் நகரலாம். அப்போதெல்லாம் பகலில் வண்டி விளக்கு எரியாது, நாமாகப் போட்டால்தான் உண்டு. ஆகவே பகலில் தெரிகிற விளக்கு நம் ஆளுடையதுதான். விழுந்தால் உடைகிறது என்று பையன்கள் எல்லோரும் பக்கக் கண்ணாடியைக் கழற்றிவிட்டுத்தான் ஓட்டுவார்கள். அப்பா என் வண்டியில் ஒன்றைக் கழற்றவிடாமல் வைத்திருந்ததால், திரும்பாமலே பின்னால் பார்க்கிற வசதி எனக்கு மட்டும் வாய்த்திருந்தது. அதில் எனக்குப் பெருமை வேறு.

ஆயுத பூஜைக்கு மறுநாள் காலை நாங்கள் இருவர் மட்டும் கிளம்பினோம். முந்தின நாள் அம்மா இரண்டு வண்டிக்கும் சாமந்தி மாலை போட்டு, விளக்கு, டேங்க், ஹாரன் என்று கை எட்டிய இடத்திலெல்லாம் சந்தனம் தடவிக் குங்குமம் வைத்திருந்தாள். அண்ணன் வண்டியின் முன்விளக்கில் நட்டநடுவே எட்டணா அகலத்துக்கு ஒரு பொட்டு. துடைக்கட்டுமா என்று அவன் கேட்டதற்கு, "தொடைக்கப்புடாது, அதுவா உதிர்ற வரைக்கும் கெடக்கட்டும். வண்டிக்கும் கண்ணுபடும்லா" என்று அதட்டிவிட்டாள். தேஹு ரோடு தாண்டி மேற்கே போகும்போது என் கண்ணாடியில் அவனுடைய விளக்கு, நெற்றியில் பொட்டு வைத்த முகம் மாதிரி ஆடி ஆடி வந்தது. எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

மழைக்காலம் முடிந்தும் முடியாத ஐப்பசி. இடுப்புயரப் புல்லுக்குள் தடம் ஏறத் தொடங்கியதும் மூடுபனி இறங்கிவிட்டது. பத்தடிக்கு மேல் ஒன்றுமில்லை. என் வண்டிச் சத்தமே எனக்குப் பஞ்சு வைத்த காதில் விழுவதுபோல் விழுந்தது. பறவை இல்லை, ஆடு மாடு இல்லை. புல் மட்டும் காலில் உரசி உரசிச் சைலன்ஸரில் பட்டுக் கருகிக்கொண்டிருந்தது. பாதை இரண்டாகப் பிரியும் இடத்தில் ஒரு கால் ஊன்றி நின்றேன். கண்ணாடியைப் பார்த்தேன். வெள்ளையாக ஒரு விளக்கு, நடுவே பொட்டு. வந்துவிட்டான் என்று வலது பக்கத் தடத்தில் ஏறிப் போய்விட்டேன்.

கொஞ்ச தூரம் போனபின்தான் ஏதோ உறுத்தியது. அந்த விளக்கு கிட்டேயும் வரவில்லை, தள்ளியும் போகவில்லை. நான் வேகமாகப் போனால் அதுவும் வந்தது, நின்றால் அதுவும் நின்றது. விளையாடுகிறான் என்று நினைத்துக்கொண்டேன், அவன் அப்படிப்பட்டவன்தானே. வண்டியை நிறுத்தி எஞ்சினை அணைத்தேன். அவன் எஞ்சின் சத்தம் கேட்கும் என்று காத்திருந்தேன். கேட்கவில்லை. ஆனால் கண்ணாடியில் விளக்கு அப்படியே, பொட்டும் அப்படியே, என்னைப் பார்த்தபடி இருந்தது. திரும்பிப் பார்க்கக் கழுத்து ஒத்துழைக்கவில்லை, அது சத்தியம். வண்டியை உதைத்துக் கிளப்பிக்கொண்டு மேலே போனேன்.

மேட்டில், கோணிப்பையைத் தலையில் முக்காடாகப் போட்டுக்கொண்டு இரண்டு எருமைகளோடு ஒரு மராட்டிய அம்மாள் எதிரே நின்றிருந்தாள். "ஏக்டீச்?" என்றாள், தனியாகவா என்று. அண்ணன் பின்னால் வருகிறான் என்றேன். அவள் நான் வந்த வழியை நெடுநேரம் பார்த்தாள். பிறகு, "மாகே கோணீ நாஹீ, போரீ" என்றாள். பின்னால் யாரும் இல்லை, பெண்ணே.

அப்போதுதான் திரும்பினேன். தடத்தில் ஒருவரும் இல்லை. பனிக்குப் பின்னால், கிழக்கே, பால் கலந்தாற்போல் வெளிறிய காலைச் சூரியன் ஒரு விளக்களவுக்குத் தொங்கிக்கொண்டிருந்தது. அதில் பொட்டு இல்லை. என் கண்ணாடியைக் கட்டைவிரலால் தேய்த்தேன். விரலில் குங்குமம் வந்தது. அம்மா கை எட்டிய இடத்திலெல்லாம் வைத்தாளே, கண்ணாடியிலும் வைத்திருக்கிறாள். அதில் தூரத்தைப் பார்த்தே பழகிய நான் அந்தப் பொட்டைக் கவனிக்கவேயில்லை. அண்ணன் எவ்வளவு நேரமாக என் பின்னால் இல்லையோ, எனக்குத் தெரியாது. மேற்கே போகிறவளின் முதுகுக்குப் பின்னால் சூரியனைத் தவிர வேறு என்ன இருக்கும், மடச்சி என்று தலையில் அடித்துக்கொண்டு ஓவென்று அழுதுவிட்டேன்.

அந்த அம்மாள் அதிகம் கேட்கவில்லை. எருமைகளை அப்படியே விட்டுவிட்டு, கச்சம் கட்டிய சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு என் வண்டியில் பின்னால் ஏறி உட்கார்ந்தாள். வந்த வழியே இறங்கினோம். பாதை பிரியும் அந்த இடம் வந்தபோது என் தோளைப் பிடித்திருந்த அவள் கை இறுகியது, ஏதோ சாமி பேரை முணுமுணுத்தாள். இறக்கத்துக்குப் பயப்படுகிறாள் என்று நினைத்து வேகத்தைக் குறைத்தேன். அவள் குறைக்காதே, போ, போ என்று முதுகில் தட்டினாள்.

அங்கிருந்து கூப்பிடு தூரத்தில் அண்ணன் கிடந்தான். வண்டி அவன் மேல் சரிந்து, கெண்டைக்கால் சைலன்ஸருக்கு அடியில் மாட்டியிருந்தது. முன்விளக்கு நொறுங்கிப்போயிருந்தது. பெட்ரோல் சொட்டுச் சொட்டாகப் புல்லில் இறங்கிக்கொண்டிருந்தது. கருகிய புல் வாசனை, அதோடு இன்னொரு வாசனை, அதை நான் எழுதமாட்டேன். நானும் அந்த அம்மாளும் தம் பிடித்து வண்டியைத் தூக்கினோம். அவன் கத்தவில்லை, என்னைப் பார்த்து, "வந்துட்டியா" என்றான், அவ்வளவுதான்.

கணுக்கால் முறிவு, கெண்டைக்காலில் உள்ளங்கை அகலத்துக்கு வெந்த புண். ஆஸ்பத்திரியில் அப்பா என் பக்கம் திரும்பி, "நீ எங்க போயிருந்த?" என்று கேட்கும்போதே அண்ணன் முந்திக்கொண்டான். "அவ நகரவே இல்லப்பா. பாதை பிரியிற எடத்துல நின்னுட்டுதான் இருந்தா. பின்னால இருக்க செகப்பு லைட்டு தெரிஞ்சுட்டே இருந்துச்சு. அதப் பாத்துக்கிட்டே கெடந்தேன், இல்லேன்னா மயங்கிருப்பேன்." மரியாதையாக உண்மையைச் சொல்லியிருக்க வேண்டியவள் நான். சாவி போய்விடுமே என்று வாயை மூடிக்கொண்டேன். அன்று மாலை அப்பா என் வண்டியைச் சோதித்தார். எனக்குக் கேட்கும்படியாகவோ தனக்குத்தானோ தெரியவில்லை, "பின் லைட்டு பல்பு பீஸ் போயி நாளாச்சே. உள்ள கருத்துப்போயிக் கெடக்கு" என்றார்.

இருபத்தைந்து வருடம் ஓடிவிட்டது. அப்பா இல்லை. அந்த மலையடிவாரத்தில் இப்போது சுற்றுச்சுவர் வைத்த பங்களாக்கள், பாதை பிரியும் இடம்வரை சிமெண்ட் ரோடு, காவலாளிக்கு ஒரு கூண்டு. புல்லும் இல்லை, தடமும் இல்லை. இந்தக் காலத்து வண்டிகளில் சாவி திருகினாலே விளக்கு எரிகிறது, பட்டப்பகலில் ஊரே விளக்கோடு போகிறது. எந்த விளக்கு யாருடையது என்று இனி யாருக்குத் தெரியப் போகிறது?

பிம்ப்ரியில் இருக்கும் அண்ணன் ஆயுத பூஜைதோறும் தன் பிள்ளைகளிடம் அந்தக் கதையைச் சொல்வான், "ஒங்க அத்தை நகரவே இல்ல" என்று. ஒவ்வொரு முறையும் எனக்குச் சோறு இறங்காது. போன வருடம் பிள்ளைகள் எழுந்து போனபிறகு சொல்லிவிட்டேன். "அண்ணே, நான் அங்க நிக்கல. ஒன்ன விட்டுட்டு ரொம்ப தூரம் போயிட்டேன்."

அவன் வண்டி விளக்கில் சந்தனம் தடவிக்கொண்டிருந்தான். நிமிரவில்லை.

"தெரியும்ட்டி" என்றான். "அப்பா ஒன்ன ஏசுவாவன்னுதான் அப்படிச் சொன்னேன்."

"அப்போ அந்தச் செகப்பு லைட்டு? அதுவும் பொய்யா?"

"அது பொய் இல்ல." குங்குமத்தைத் தொட்டு நடுவில் வைத்தான். "நீ அந்த அம்மாவ ஏத்திக்கிட்டு மேலேர்ந்து வந்தல்லா, அப்பவும் அது அங்கேயேதான் நின்னுது. நீங்க ரெண்டு பேரும் அதுக்குள்ள பூந்துதான் வந்திய."

எனக்கு அந்த அம்மாளின் கை என் தோளில் இறுகியது நினைவுக்கு வந்தது. நான் ஒன்றையும் பார்க்கவில்லை. அவன் சொல்லிக்கொடுத்தபடி முன்னால் மட்டும்தான் பார்த்துக்கொண்டு வந்தேன்.