உள்ளே அம்மாவுக்கு இடம், வெளியே அப்பாவுக்கு

எங்கள் அம்மா கர்த்தரிடம் சென்று இந்த மாதத்தோடு ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வாங்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் மூத்த மகளாகிய என் வணக்கம். அம்மாவின் நற்குணங்களை எழுது, நாலு பேர் படித்துக் கண் கலங்கும்படி எழுது என்று தம்பி சொன்னான். அப்படி எழுதத்தான் உட்கார்ந்தேன். எழுத எழுதக் கோபம்தான் வருகிறது. அதை ஒதுக்கி வைத்துவிட்டு அம்மாவைப் பற்றி எழுத எனக்குத் தெரியவில்லை. பொறுத்துக்கொள்ளுங்கள்.

அம்மா பர்மாவில், இரங்கூனுக்கு மேற்கே ஆற்றங்கரையில் உள்ள ஒரு நெல் கிராமத்தில், கரேன் இனத்துக் கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்தார். அவருடைய தந்தை அங்கே ஒரு சிறு சபையின் ஊழியர். அம்மா இரங்கூன் மிஷன் ஆஸ்பத்திரியில் தாதிப் படிப்பு முடித்துப் பிரசவ வார்டில் வேலை செய்தார். அப்பா படப்பைக்கும் ஒரகடத்துக்கும் இடையில் உள்ள எங்கள் ஊர்க் காலனியைச் சேர்ந்தவர். சிறுவயதிலேயே தம் தந்தையோடு கப்பலேறிப் போய், இரங்கூனில் ஒரு தமிழ் அச்சகத்தில் எழுத்துக் கோக்கும் வேலை கற்றவர். அச்சு இயந்திரத்தில் விரல் நசுங்கி ஆஸ்பத்திரிக்குப் போனபோது கட்டுப் போட்டவர் அம்மா. கட்டு அவிழ்த்த பிறகும் அப்பா மூன்று மாதம் ஆஸ்பத்திரிக்குப் போய்க்கொண்டிருந்தாராம். இதைச் சொல்லும்போது மட்டும் அம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்.

அறுபதுகளின் நடுவில் இந்தியர்களை அந்த நாடு திருப்பி அனுப்பியது. அம்மாவை யாரும் போகச் சொல்லவில்லை. அது அவருடைய நாடு. அப்பாவை விட்டுப் பிரிய மனமில்லாமல், என்னையும் கைக்குழந்தையாயிருந்த தம்பியையும் தூக்கிக்கொண்டு கப்பலேறினார். அப்போது எனக்கு ஏழு வயது. சென்னைத் துறைமுகத்தில் இறங்கி, முகாமில் சில வாரம் இருந்துவிட்டு ஊருக்கு வந்தோம். எங்களைப் பார்த்ததும் அப்பாவின் அக்கா, எங்கள் அத்தை, தலையில் அடித்துக்கொண்டார்.

“இன்னாடா இது! சீனாக்காரியக் கட்டிக்கினு வந்து நிக்கிற!”

சீன யுத்தம் முடிந்து வெகுகாலம் ஆகாத நேரம். அம்மாவின் கண்ணையும் மூக்கையும் பார்த்தவர்களுக்கெல்லாம் அவர் சீனாக்காரிதான். அந்தப் பெயர் இருபது வருடம் அவரை விட்டுப் போகவில்லை. ஆனால் அத்தை அன்று மாலையே அம்மாவின் தலைக்கு எண்ணெய் வைத்துச் சீவிவிட்டார். அம்மா தமிழ் கற்றதும் அத்தையிடமும் பக்கத்து வீட்டுக் கன்னியம்மாவிடமும்தான். கன்னியம்மா மாரியம்மனைக் கும்பிடுகிறவர். அவர்கள் அம்மாவுக்கு எல்லாம் கற்றுக் கொடுத்தார்கள், ‘நீங்கள்’ என்ற சொல்லை மட்டும் கற்றுக் கொடுக்கவில்லை. அதனால் கடைசிவரை கலெக்டர் ஆபீஸ் அதிகாரியாக இருந்தாலும் அம்மாவுக்கு ‘நீ’தான்.

முதல் ஞாயிறு எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அம்மா எங்கள் ஊர் ஆலயத்துக்குள் நுழைந்து, அவர் ஊரில் செய்வதுபோல நேராக நடந்து போய் முன் பெஞ்சில் உட்கார்ந்தார். வெள்ளைத் தோலைப் பார்த்து ஏதோ மிஷனிலிருந்து வந்தவர் என்று நினைத்து, ஊர்த் தெருப் பெண்கள் நகர்ந்து இடம் கொடுத்தார்கள். அம்மா திரும்பிப் பார்த்தார். அப்பாவும் நானும் கடைசித் தூணுக்குப் பின்னால், காலனி சனங்களோடு தரையில் உட்கார்ந்திருந்தோம். வா என்று அப்பாவைக் கைகாட்டி அழைத்தார். அப்பா தலையை அசைத்தார். அம்மா எழுந்து வந்து எங்கள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துவிட்டார்.

வீட்டுக்கு வந்ததும் ஏன் என்று கேட்டார். அப்பா பர்மிய மொழியில் என்னென்னவோ சொல்லிப் பார்த்தார். சாதி என்பதற்கு அவருக்குச் சொல் அகப்படவில்லை. கடைசியில், “வழக்கம்” என்று தமிழிலேயே சொல்லிவிட்டு வெளியே போய்விட்டார்.

இங்கே அச்சக வேலை கிடைக்காமல் அப்பா கல் உடைக்கும் கிரஷரில் சேர்ந்தார். அம்மாவின் தாதிச் சான்றிதழ் பர்மிய எழுத்தில் இருந்தது. சுகாதார நிலையத்து டாக்டரம்மாவுக்கு அம்மாவை வேலைக்கு எடுத்துக்கொள்ள ஆசைதான். ஆனால் சான்றிதழை மேலிடம் ஒப்புக்கொள்ள வேண்டும், குடியுரிமை வேண்டும் என்றார்கள். விண்ணப்பித்தோம். வருடந்தோறும் அம்மா காஞ்சிபுரம் போய், தாம் இன்னும் இங்கேதான் இருப்பதாக வெளிநாட்டவர் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டு வருவார். குடியுரிமைக் காகிதம் ஒரு வழியாக வந்தபோது அரசு வேலைக்கான வயது தாண்டிவிட்டது. அதைக் கையில் வைத்துப் பார்த்துவிட்டு, “இப்போ இன்னா பண்றது இத்த வெச்சிக்கினு?” என்று என்னிடம் கேட்டார்.

ஆனால் பிள்ளைப்பேறு காகிதத்துக்குக் காத்திருப்பதில்லை. கன்னியம்மாவின் மகளுக்குப் பிரசவம் பார்த்ததில் தொடங்கி, காலனியில் அம்மா கை படாமல் பிறந்த பிள்ளை இல்லை என்றாயிற்று.

நாங்கள் வந்து மூன்றாவது மழைக்காலம். ஏரி நிரம்பிச் சாலையை அறுத்துக்கொண்டு போனதால் ஸ்ரீபெரும்புதூர் ஆஸ்பத்திரிக்குப் போக பஸ் இல்லை. ஒருநாள் நண்பகலில் சபையின் மூப்பர், ஊர்த் தெருவில் பெரிய வீட்டுக்காரர், குடை பிடித்துக்கொண்டு காலனி முனையில் வந்து நின்றார். உள்ளே வரவில்லை. அங்கிருந்தே குரல் கொடுத்தார்.

“பர்மாக்காரம்மா இருக்காங்களா? எங்க மருமகளுக்கு வலி கண்டு ரெண்டு நாளாச்சும்மா. பிள்ளை கால் முன்னால வருதுன்னு மருத்துவச்சி கைவிட்டுட்டா.”

அம்மா அத்தையைத் துணைக்கு அழைத்துக்கொண்டு ஓடினார். நானும் பின்னால் ஓடினேன். இரண்டு மணி நேரத்தில் தாயும் பிள்ளையும் பிழைத்தார்கள். ஆண் குழந்தை. மூப்பர் கைகூப்பி நின்றார். அவர் மனைவி வெள்ளி டம்ளரில் காபி கொண்டுவந்து, கூடத்து நாற்காலியில் அம்மாவை உட்கார வைத்துக் கொடுத்தார். அம்மா ஒரு வாய் குடிப்பதற்குள் வாசல் பக்கம் பார்த்தார். இரண்டு மணி நேரம் வெந்நீர் வைத்துத் தூக்கிக் கொடுத்த அத்தை கொல்லைப்புறத்தைச் சுற்றி வந்து மழையில் நின்றுகொண்டிருந்தார். அவர் கையில் கொட்டாங்கச்சியில் காபி.

“அவளுக்கு ஏன் அதுல?” என்று கேட்டார் அம்மா.

“அவங்களுக்கு அப்படித்தாம்மா வழக்கம். நீங்க வேற. நீங்க குடிங்க,” என்றார் மூப்பரின் மனைவி அன்பாகவே.

அம்மா டம்ளரைத் தரையில் வைத்துவிட்டு எழுந்து வந்துவிட்டார். வழியில் அத்தைதான் அவரைத் திட்டினார்: “ஏண்டி, சூடா குட்த்தாங்க, குடிக்கறதுக்கு இன்னா? எனுக்காவ நீ ஏன் பட்டினி கெடக்குற?” அதற்குப் பிறகும் ஊர்த் தெருவிலிருந்து அழைத்தபோதெல்லாம் அம்மா போனார். ஒரு வீட்டிலும் தண்ணீர்கூட வாங்கிக் குடிக்கவில்லை.

கிரஷர் தூசி அப்பாவின் நெஞ்சைத் தின்றது. கடைசி ஒரு வருடம் உட்கார்ந்தபடிதான் தூங்கினார். எழுபதுகளின் நடுவில் ஒரு சனிக்கிழமை காலை அவர் மூச்சு நின்றது. எங்கள் ஆலயத்தின் கல்லறைத் தோட்டத்தை அறிந்தவர்களுக்கு அதன் குறுக்கே ஓடும் சுவரும் தெரியும். ஆலயத்தை ஒட்டி இருப்பது ஊர்த் தெருவுக்கு. சுவருக்கு அப்பால், முட்செடி மண்டிக் கிடப்பது காலனிக்கு. அம்மா போதகரிடம் போய், அப்பாவை ஆலயத்தை ஒட்டி அடக்கம் செய்ய வேண்டும் என்று கேட்டார். சிறிது நேரத்தில் போதகரோடு மூப்பரும் எங்கள் வீட்டுக்கு வந்தார். காலனிக்குள் அவர் கால் வைத்தது அதுதான் முதல் தடவை.

“அம்மா, நீங்க எங்க குடும்பத்துக்குச் செஞ்சதை மறக்க மாட்டோம். உங்களுக்கு எப்ப ஆனாலும் உள்ள இடம் உண்டு. கமிட்டியில நானே எழுதித் தரேன். அவருக்குக் கேக்காதீங்க. ஊர்ல ஒத்துக்க மாட்டாங்க.”

அம்மாவுக்கு அது புரியச் சிறிது நேரமாயிற்று. நான் பர்மிய மொழியில் எடுத்துச் சொன்னேன். பிறகு அவர் மூப்பரை நிமிர்ந்து பார்த்தார்.

“நான் உள்ள. என் வூட்டுக்காரு வெளிய. ஏசு சாமி எழுப்ப வந்தா, சொவுத்த ஏறிக் குதிச்சி வரணுமா? நீ சொல்லு.”

அவர்கள் போனதும் அம்மா அப்பாவின் உடலைத் தூக்கிவரச் சொல்லி ஆலய வாசலில் இறக்கி வைத்தார். உடல் அங்கேயே பிற்பகல்வரை கிடந்தது. வெயில் ஏறியது. கடைசியில் அத்தைதான், “என் தம்பி நாறிப் பூடுவாண்டி, வேணாண்டி,” என்று அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். சுவருக்கு அப்பால் முள்ளை வெட்டிக் குழி தோண்டினோம்.

அதற்குப் பிறகு சுவரைப் பற்றி அம்மா சொல்லச் சொல்ல நான் திருச்சபை மேலிடத்துக்கு எழுதிய மனுக்களுக்குக் கணக்கில்லை. அப்போது நான் ஆசிரியப் பயிற்சி முடித்திருந்தேன். சுங்குவார்சத்திரத்தில் தட்டச்சுப் பள்ளி வைத்திருந்த அண்ணன் ஒருவர் அவற்றைத் தட்டச்சு செய்து கொடுத்தார். மேலிடத்திலிருந்து, கடிதம் கிடைத்தது, ஆவன செய்யப்படும் என்று பதில் வரும். நான்காவது வருடம் விசாரணைக்கு மூன்று பேர் ஜீப்பில் வந்தார்கள். சுவரைப் பார்த்தார்கள். மூப்பர் வீட்டில் சாப்பிட்டார்கள். எங்களிடம், பொறுமையாக இருங்கள், மனமாற்றம் மெதுவாகத்தான் வரும் என்றார்கள். அடுத்த மாதம் கல்லறைத் தோட்டத்தில் வேலை நடக்கிறது என்று கேள்விப்பட்டு அம்மா ஓடினார். சுவரின் வெடிப்புகளைப் பூசி, இரண்டு பக்கமும் வெள்ளையடித்துக்கொண்டிருந்தார்கள். இடிக்கச் சொல்லி நாங்கள் எழுதிய மனுக்களால் நடந்த காரியம் அது ஒன்றுதான்.

அன்றோடு நான் ஆலயத்துக்குப் போவதை நிறுத்தினேன். அம்மா நிறுத்தவில்லை. ஒவ்வொரு ஞாயிறும் வெள்ளைப் புடவை கட்டிக்கொண்டு, தூணுக்குப் பின்னால் போய் உட்காருவார். எனக்குத் தாங்கவில்லை.

“அவங்க கோயிலுக்கு நீ ஏம்மா போற? மானமில்லையா உனக்கு?” என்று ஒருநாள் கத்தினேன்.

“அவங்க கோயிலுன்னு உனுக்கு யாரு சொன்னது?” என்றார். “அவங்க சொன்னாங்க. நீயும் நம்பிக்கினே.”

அந்தப் பதில் இன்றுவரை என்னைக் குத்துகிறது. ஆனாலும் அம்மா செய்தது சரி என்று நான் இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை. அவர் வந்து உட்கார்ந்ததால் அந்தத் தூண் ஒரு சாண்கூட நகரவில்லை.

எண்பதுகளின் தொடக்கத்தில் இலங்கையிலிருந்து அகதிகள் வந்தபோது ஆலயத்தில் துணிமணி சேர்த்தார்கள். அந்நியரை வரவேற்பதில் நம் சபை என்றும் குறை வைத்ததில்லை என்று பிரசங்கத்தில் சொன்னார்களாம். அம்மா பின்னாலிருந்து எழுந்து நின்று, “நா வந்து இத்தினி வருசமாச்சி, இன்னும் இங்கதான் குந்திக்கினு கீறேன். என்ன எப்போ கூப்புடுவ நீ?” என்று கேட்டிருக்கிறார். ஆராதனையில் குழப்பம் விளைவித்ததாகக் கமிட்டி எச்சரிக்கைக் கடிதம் அனுப்பியது. அதை மடித்து வைத்துவிட்டு, முகாமில் பிரசவ நாள் நெருங்கிய ஓர் இலங்கைப் பெண்ணைப் பார்க்கக் கிளம்பிப் போய்விட்டார்.

சென்ற ஆண்டு வாதம் தாக்கி ஒன்பது நாள் படுக்கையில் கிடந்தார். அந்த நாட்களில் தமிழ் முழுவதும் அவரை விட்டுப் போய்விட்டது. எனக்கே சரியாகப் புரியாத தம் கரேன் மொழியில் பேசிக்கொண்டிருந்தார். பாட்டா, ஜெபமா, யாரையாவது ஏசினாரா என்று தெரியவில்லை. ஒன்பதாம் நாள் காலை அடங்கினார்.

இப்போது வயோதிகராகிவிட்ட மூப்பர் சொன்ன சொல் மாறவில்லை. உள்ளே, ஆலயச் சுவரை ஒட்டிய நல்ல இடத்தைச் சுத்தம் செய்து வைத்திருப்பதாக ஆள் அனுப்பினார். தம்பி, “எங்கப்பா பக்கத்துலதான்,” என்று ஒரே வார்த்தையில் திருப்பி அனுப்பினான். அன்று கால் முன்னே வந்து பிறந்த மூப்பரின் பேரன் காலனி வழியாக நடந்து அடக்கத்துக்கு வந்தான். ஒரு பிடி மண் போட்டான். நெடுநேரம் நின்று அழுதான். ஏதாவது சொல்வான் என்று காத்திருந்தேன். சொல்லவில்லை. அடுத்த ஞாயிறும் முன் பெஞ்சில்தான் உட்கார்ந்தான் என்று சொன்னார்கள். அவன் அழுதது பொய்யில்லை. அதனால்தான் எனக்கு இன்னும் ஆற்றாமையாக இருக்கிறது.

நன்றி சொல்ல வேண்டியவர்கள் இருக்கிறார்கள். அம்மாவைத் தம் கூடப்பிறந்தவள் போல நடத்திய அத்தைக்கும், எங்களுக்கு முன்னால் ஓடிவந்து அம்மாவைக் குளிப்பாட்டிப் புடவை உடுத்திவிட்ட கன்னியம்மாவுக்கும் நன்றி. சான்றிதழ் செல்லாத அம்மாவை, “சிஸ்டர்” என்றே கடைசிவரை அழைத்த டாக்டரம்மாவுக்கு நன்றி. தட்டச்சுப் பள்ளி அண்ணனுக்கு நன்றி. முகாமிலிருந்து பஸ் மாறி வந்து, குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு அம்மாவின் காலடியில் உட்கார்ந்திருந்த அந்த இலங்கைச் சகோதரிக்கு நன்றி. கமிட்டி முகம் சுளித்தும், அங்கியோடு முள்ளுக்குள் நடந்து வந்து அடக்க ஜெபம் செய்த இப்போதைய போதகருக்கு நன்றி. மூப்பர் குடும்பத்தாரின் அன்புக்கும் நன்றி சொல்கிறோம். அந்த அன்பு அப்பாவுக்கும் எட்டியிருக்கலாம்.

ஓராண்டு நினைவு ஜெபம் வருகிற ஞாயிறு மாலை நான்கு மணிக்குக் கல்லறையில் நடைபெறும். அனைவரும் வர வேண்டுகிறோம். படப்பையிலிருந்து பஸ்ஸில் வருகிறவர்கள் ஆலய நிறுத்தத்தில் இறங்க வேண்டாம். அடுத்த நிறுத்தத்தில் இறங்கி, செங்கல் சூளையை ஒட்டிய மண்பாதையில் காலனி வழியாக நடந்து வாருங்கள். ஆலய வாசல் வழியாக வந்தால் சுவர்வரைதான் வர முடியும்.