பூஜையில் வைத்த ஸ்க்ரூ டிரைவர்

என் மச்சான் அன்பரசுக்குச் சிதம்பரத்தில் வீடு, கடலூரில் கிளார்க் வேலை. டி.வி.யில் மாட்டி விளையாடுகிற பழைய வீடியோ கேம் பெட்டிகள் பதினொன்று சேர்த்து வைத்திருந்தார். ஒன்றும் ஓடாது. மச்சான் கை படாமல் இருந்திருந்தால் பாதியாவது ஓடியிருக்கும். எந்தப் பெட்டி சரியானாலும், "படம் இன்னும் தெளிவா வரணும் மாமா" என்று மறுபடி பிரித்துவிடுவார். சிவப்பு விளக்கு வைப்பார், காற்றாடி வைப்பார். பெட்டி படுத்துவிடும்.

2009 ஆயுத பூஜைக்கு முந்தின நாள் அவர் மனைவி மலர்க்கொடி கறாராகச் சொன்னாள்: "நாளைக்குச் சொந்தக்காரங்க முன்னாடி ஒண்ணாவது ஓடலைன்னா, அத்தனையும் பழைய இரும்புக் கடைக்குத்தான். அண்ணே, நீங்கதான் சாட்சி."

மறுநாள் காலை ஒரு பெட்டியை ஓட வைத்த பிறகுதான் மச்சான் தன்னிடமிருந்த ஒரே ஸ்க்ரூ டிரைவரைப் பூஜையில் வைக்க என்னிடம் கொடுத்தார். நான் அதற்குச் சந்தனம், குங்குமம் வைத்து அம்பாள் படத்தின் முன் வைத்தேன். படைத்த ஆயுதத்தை அன்றைக்குத் தொடக்கூடாது.

சாயங்காலம் எல்லோர் முன்னும் பெட்டி ஓடியது. மலர்க்கொடியே ஒரு மணி நேரம் கார் ரேஸ் ஓட்டினாள். மச்சானுக்குத்தான் இருப்புக் கொள்ளவில்லை.

"மாமா, ஓரத்துல ஒரு கோடு தெரியுது. ரெண்டே நிமிஷம் பிரிச்சுட்டு..."

"அம்பாள்கிட்ட கேளுங்க மச்சான்," என்றேன்.

விஜயதசமியன்று மற்ற சாமான்களை எடுத்த மலர்க்கொடி, ஸ்க்ரூ டிரைவரை மட்டும் எடுக்கவில்லை. தினமும் அதற்கு ஒரு முழம் பூ வைக்கிறாள். மூன்று வருஷமாகப் பெட்டி நன்றாக ஓடுகிறது. போன மாதம் மச்சான் புதிதாக ஒரு ஸ்க்ரூ டிரைவர் வாங்கி வந்தார். இப்போது பூ இரண்டு முழம் ஆகிறது.