அக்காவுக்காக நான் வைக்காத கையெழுத்து

கொழும்புத்துறையில் என் ஒன்றுவிட்ட அக்காவுக்குக் கால் ஏக்கர் வரும் நாலு பரப்புக் காணியும் அதில் ஒரு கல்வீடும் இருந்தன. அக்கா லண்டனில் இருந்தார். நான் பக்கத்துப் பாடசாலையில் கணிதம் படிப்பிக்கிறேன். ஏழு வருடங்களாக அந்தக் காணிக்கு அவருடைய அற்றோணி நான்தான். அதாவது, அவருடைய இடத்தில் நின்று இங்கே நான் கையெழுத்து வைக்கலாம் என்று அவர் ஒரு கடதாசி எழுதி அனுப்பியிருந்தார்.

அந்தக் கடதாசி எனக்கு என்னவெல்லாம் தரவில்லை என்பதை முதல் வருடமே தெரிந்துகொண்டேன். கூரை திருத்த ஒரு கொந்தராத்துக்காரரைப் பிடித்தேன். பழைய மாதிரி ஓடுதான் வேண்டும் என்பது அக்காவின் சொல். அந்த ஓடு வர இரண்டு மாதம் ஆகும் என்றார் கொந்தராத்துக்காரர். மாரி தொடங்கப்போகிறதே என்று, கேளாமலே நான் ஓட்டுக்குப் பதிலாக அஸ்பெஸ்டஸ் சீற்றுக்குச் சம்மதித்துவிட்டேன். படம் அனுப்பிய அன்றே அக்கா தொலைபேசி எடுத்தார்.

"ஆரைக் கேட்டுச் சீற் போட்டனி?"

"மழை வரப்போகுதெண்டு..."

"நீ நினைச்சதைச் செய்ய இல்லை, நான் சொன்னதைச் செய்யத்தான் எழுதித் தந்தனான்."

கழற்றச் சொல்லவும் முடியவில்லை. கொந்தராத்துக்காரர் என் பேச்சை அக்காவின் பேச்சாக நம்பி வேலை செய்தவர். எங்கள் இருவருக்கும் நடுவில் நடந்த பிசகு அவருடைய தலையில் விழக் கூடாது என்று அக்காவே சொன்னார். சீற் அப்படியே இருந்தது. அதற்குப் பிறகு ஒரு தென்னையில் தேங்காய் பறிப்பதென்றாலும் நான் கேட்டுத்தான் செய்தேன்.

அந்த வீட்டின் பின்பக்கத்தில் ஒரு குடும்பம் இருந்தது. தீவுப் பக்கத்திலிருந்து இடம்பெயர்ந்து வந்தவர்கள். கணவர் கடலில் நண்டு வலை போடுவார். மனைவி நண்டு பொதி செய்யும் இடத்தில் வேலை. இருபது வருடத்துக்கு மேலாக அந்த வீட்டைக் கூட்டி, விளக்கேற்றி வைத்திருந்தது அந்த மனிசிதான். அக்கா நோயில் விழுந்த பிறகு ஒருநாள் குரல்பதிவு அனுப்பினார்: "பின்பக்கம் ரெண்டு பரப்பை அவைக்கு எழுதிக் குடு. நான் கண்ணை மூட முதல் செய்."

பழைய அற்றோணியில் நன்கொடை எழுதும் அதிகாரம் இல்லை என்று காணி உறுதி எழுதும் நொத்தாரிசு சொன்னார். புதியது எழுதி வர, பதிய, காணியை அளக்க என்று நாட்கள் இழுபட்டன. ஒருவழியாகக் கையெழுத்துக்கு ஒரு வியாழக்கிழமை குறித்தோம்.

அன்று காலை பத்து மணிக்கு அவர்கள் இருவரும் எனக்கு முன்னதாகவே நொத்தாரிசின் கந்தோரில் இருந்தார்கள். கணவர் வெள்ளைச் சேட்டுப் போட்டிருந்தார். மனிசி கோயில் திருநாளுக்கு உடுக்கும் சேலையோடு வந்திருந்தார். நொத்தாரிசு உறுதியை வாசித்து முடித்துவிட்டுச் சாட்சிக்காரரைக் கூட்டிவர எழுந்துபோனார். கைப்பையிலிருந்து கண்ணாடியை எடுக்கப்போன நான், தொலைபேசி மினுங்குவதைக் கண்டு எடுத்துப் பார்த்தேன். அக்காவின் மூத்த மகன் எழுதியிருந்தான். அம்மா அன்று விடியற்காலையில் போய்விட்டார்.

அந்தச் சில நிமிடங்களைப் பற்றி நான் யாரிடமும் முழுதாகச் சொன்னதில்லை. முதலில் வந்தது அழுகை அல்ல, கணக்கு. எனக்குத் தெரியும் என்பது இந்த அறையில் வேறு யாருக்கும் தெரியாது. அக்காவின் ஆசையும் இதுதான். தொலைபேசியைக் கவிழ்த்து வைத்துவிட்டுக் கையெழுத்துப் போட்டால் போதும். கவிழ்த்தும் வைத்தேன். நொத்தாரிசு வந்து பேனையை நீட்டினார். வாங்கினேன். எழுத முடியவில்லை. யாருக்காக எழுதப் போகிறேனோ அந்த ஆள் இப்போது இல்லை.

"ஐயா, அக்கா மோசம் போட்டா. இப்பதான் செய்தி வந்தது."

அவர் பேனையை என் கையிலிருந்து மெதுவாக வாங்கிக்கொண்டார்.

"அப்ப உங்கடை அற்றோணியும் முடிஞ்சுது, ரீச்சர். குடுத்த ஆள் இருக்குமட்டும்தான் அது."

"நான் தெரியாமல் வைச்சிருந்தால்?"

"தெரியாமல் வைச்சால் அது வேறை கதை. வாதாடிப் பாக்கலாம். தெரிஞ்சு வைச்சால் அது களவு."

மனிசியின் கணவர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "அப்ப இண்டைக்கு இல்லையோ?" என்றார். மனிசி சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்தார். அக்காவுக்காக அழுதார் என்றுதான் நினைக்கிறேன். வெளியே படியில் இறங்கும்போது, கோபமே இல்லாமல் என்னிடம் கேட்டார்:

"ரீச்சர், அஞ்சு நிமிசம் கழிச்சு ரெலிபோனைப் பாத்திருக்கலாமே?"



அக்கா மரணசாசனம் எதுவும் எழுதவில்லை. காணி மகன்மார் இருவருக்கும் போனது. அக்காவின் குரல்பதிவை இருவருக்கும் அனுப்பினேன். மூத்தவன் பதில் போடவில்லை. நீதிமன்ற அலுவல் முடிந்த பிறகு ஒரு புதிய அற்றோணிப் படிவத்தை அனுப்பினான். நாலு பரப்பையும் விற்கும் அதிகாரம் அதில் எனக்கு இருந்தது. பின்பக்கத்துக் குடும்பத்தைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை.

அதை ஏற்று இழுத்தடிக்கலாம் என்று என் கணவர் சொன்னார். "வேறை ஆரும் எடுத்தால் அவையை உடனை எழுப்பிப்போடுவினம்." அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. ஆனால் அவனுக்காக என்று கையெழுத்து வைத்துவிட்டு அவனுக்கு எதிராக வேலை செய்ய எனக்கு மனம் வரவில்லை. மூத்தவனுக்குத் தொலைபேசி எடுத்தேன்.

"தம்பி, இதை நான் செய்யமாட்டன். வேறை ஆளைப் பார். ஏனெண்டதையும் ஒளிக்காமல் சொல்லுறன். உங்கடை அம்மா சொன்னது என்ரை காதிலை இருக்கு. அதோடை உனக்கு உண்மையா நடக்க என்னாலை ஏலாது."

"சித்தி, அம்மா சொன்னது சட்டத்திலை நிக்காது."

"நிக்காதெண்டு எனக்கும் தெரியும். அதுதான் உங்களைக் கேக்கிறன்."

அவன் தொலைபேசியை வைத்துவிட்டான். நாலு மாதம் ஒன்றும் நடக்கவில்லை. அந்த நாலு மாதமும் தவறு செய்துவிட்டேனோ என்று பயந்துகொண்டே இருந்தேன். வீதியில் அந்த மனிசியைக் கண்டால் தலையாட்டிவிட்டு விரைவாகக் கடந்துபோவேன்.

ஆடி மாதம் இளையவன் வந்தான், பன்னிரண்டு வயதில் போனபிறகு முதல் தடவையாக. விடுதியில் நிற்கப்போவதாகச் சொன்னவன், வீட்டைப் பார்க்கப் போய் அங்கேயே தங்கிவிட்டான். தாயின் கட்டிலைப் பிளாஸ்திக் விரிப்பால் மூடி அந்த மனிசி இத்தனை காலம் வைத்திருந்தாராம். அவன் அதைப் பற்றி அதிகம் கதைக்கவில்லை. மூன்றாம் நாள் தமையனோடு தொலைபேசியில் இங்கிலிஷில் சத்தம் போட்டது மதில் தாண்டிக் கேட்டதாக அயலவர்கள் சொன்னார்கள். பிறகு தமையன் அவனுக்கே அற்றோணி எழுதி அனுப்பினான்.

அதே கந்தோரில், நன்கொடை உறுதியில், தனக்காக ஒரு கையெழுத்து, தமையனுக்காக ஒரு கையெழுத்து என்று இளையவன் இரண்டு வைத்தான். இரண்டு பரப்பு ஒன்றாகக் குறைந்திருந்தது. அதற்குமேல் மூத்தவன் இறங்கவில்லை. மனிசி உறுதியை ஏற்றுத் தன் பெயரை எழுத்துக்கூட்டி எழுதினார். என்னைச் சாட்சியாக வைக்கக் கேட்டது அவர்தான்.

ஒரு பரப்பாக அளந்தபோது எல்லைக்கல் அவர்களுடைய குசினிக்குள் விழுந்திருந்தது. அடுத்த ஞாயிறு நான் போனபோது மனிசியின் கணவர் பழைய அடுப்பை இடித்துக்கொண்டிருந்தார். மனிசி ஒரு தடியால் நிலத்தில் கோடு கீறி, புதிய குசினியின் வாசல் எந்தப் பக்கம் வரவேண்டும் என்று அவரோடு வாதாடிக்கொண்டிருந்தார்.