மலைக்கு அந்தப் பக்கத்துத் தோன்கா

கிழவர் வல்கோவின் காலணி முதல் வாரமே பனியில் ஊறிப்போயிற்று. சபையின் மற்ற அங்கத்தினர்களிடம் மாற்றுக் காலணி இருந்தது, அவரிடம் இல்லை. தோன்கா அடுப்பில் தவிட்டைச் சூடாக்கி அதற்குள் திணித்து வைப்பாள். அவர் எழுமுன் தட்டிக் கொட்டிவிடுவாள். நல்ல தோல், தானே காய்ந்துவிடுகிறது என்று அவர் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார்.

துருக்கியர் ஆட்சி போனபின், பல்கேரியாவுக்குச் சட்டம் எழுத எங்கள் தர்னோவோவில் சபை கூடிய குளிர்காலம் அது. என் வீட்டிலும் சில அங்கத்தினர்கள் தங்கினார்கள். ரொட்டி சுடுவது தோன்கா. போரில் ஸகோரா நகரம் எரிந்தபோது மலை தாண்டி ஓடிவந்தவள். கட்டிக்கொடுத்த ஒரே மகள் கெரா அந்தப் பக்கமே தங்கிவிட்டாள். பிறகு பெரிய நாடுகள் பெர்லினில் கூடி மலைமேல் கோடு கிழித்தன. இந்தப் பக்கம் நமக்கு, அந்தப் பக்கம் மறுபடி சுல்தானுக்கு.

அந்தப் பக்கத்தைச் சேர்க்காமல் எழுதவே கூடாது என்று சபையில் சிலர்; எழுதாவிட்டால் கையில் இருப்பதும் போய்விடும் என்று மற்றவர்கள். தவக்கால அவரைக்கொட்டைச் சூப்பை வைத்துக்கொண்டு என் மேசையிலும் அதே சண்டைதான். தோன்காவுக்கு ஓரிடத்தில் இருப்புக்கொள்ளாது. வாசலுக்கும் அடுப்புக்கும் நடப்பாள், ரொட்டி தீய்ந்துபோகும். ஒரு நாள் வல்கோவிடம் கேட்டேவிட்டாள்.

"தாத்தா, நீங்க எதுக்குக் கை தூக்குவீங்க?"

"எழுதிட்டு வான்னு ஊர்ல அனுப்பியிருக்காங்க மகளே. வெறுங்கையோட போனா கிழவி கதவைத் திறக்கமாட்டா."

"அப்ப எம் பொண்ணு?"

அவர் கரண்டியைக் கீழே வைத்தார். அதன்பின் சபையில் நடப்பதை யாரும் அவள் காதில் போடவில்லை, நானும்தான்.

தேவதூதர் மாதாவுக்கு மங்களம் சொன்ன திருநாள் வந்தது. தவக்காலத்தில் அன்று மட்டும் மீன் உண்டு. அன்றைக்கு மனம் எப்படி இருக்கிறதோ ஆண்டு முழுவதும் அப்படியே இருக்கும் என்பதால் யாரும் அழமாட்டோம். சபையில் என்ன நடக்கிறதென்று மீன்காரனிடம் தோன்கா விசாரித்திருக்கிறாள்.

"அங்கத்தினருங்களை வீட்ல வச்சுக்கிட்டு என்கிட்ட கேக்குறியே? ஒவ்வொரு விதியா வாசிக்க ஆரம்பிச்சுட்டாங்களே" என்றானாம்.

எழுதுவதென்று முடிவாகிவிட்டது, இனி அந்தக் கோடுவரைதான் நாடு என்று அவளுக்குப் புரிந்துவிட்டது. உள்ளே வந்தவள் சிரித்த முகத்தோடு நாள் முழுவதும் மீன் பொரித்தாள். அந்த முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. வல்கோவோ, அவள் மனம் ஆறிவிட்டது என்றே எண்ணினார். அவள் மறுபடி கேட்பாளோ என்று பயந்துகொண்டே இருந்ததாகவும் இப்போதுதான் நிம்மதி என்றும் என்னிடம் சொன்னார். திருநாளில் அழாத வழக்கம் அவர் ஊரிலும் உண்டு. அவருக்குத்தான் அது நினைவுக்கு வரவில்லை. அவள் இன்னொரு மீனை அவர் தட்டில் வைத்தாள்.

மறுநாள் காலை மாவுத் தொட்டிமேல் குனிந்து அழுதாள். மாதா படத்தின்முன் விளக்கேற்றி, நானும் பக்கத்தில் முழந்தாளிட்டேன். என்ன வேண்டுவதென்று தெரியாமல் தோன்கா, கெரா என்று பேர்களை மட்டும் சொன்னேன்.

ஈஸ்டருக்குப் பின் அங்கத்தினர்கள் எல்லோரும் சட்டத்தில் கையெழுத்திட்டார்கள். மணிகள் அடித்தன. நன்றி சொல்லி நானும் சிலுவை போட்டுக்கொண்டேன். திரும்பினால் தோன்கா மூட்டையோடு நிற்கிறாள். மலைப்பாதையில் காவல் பலப்படுவதற்குள் மகளிடம் போய்விட வேண்டுமாம்.

"இருடி. இந்த மண்ணுல கால் வச்ச அடிமைகூட அன்னைக்கே விடுதலைன்னு எழுதியிருக்காங்களாம். இதை விட்டுட்டு அங்க போறியே" என்றேன்.

அவள் மூட்டையைத் தோள் மாற்றிக்கொண்டாள்.

"நல்ல சட்டம்தான்க்கா. மலை தாண்டி எங்களுக்கும் அனுப்பி வைங்க. வந்தா கதவைப் பலமா தட்டச் சொல்லுங்க. நான் மாவு பிசைஞ்சுட்டு இருப்பேன், காதுல விழாது."