ஆறாத கட்டம்

இது நிஜமாக நடந்தது, கண்ணுகளா. கேஷிகா வாயால் கேட்டதுதான். ஒரு சொல்லும் நான் கூட்டவில்லை.

பொகவந்தலாவைப் பக்கம் தேயிலைத் தோட்ட லயத்து வீட்டில் பிறந்து பல்கலைக்கழகம் போன பிள்ளை அவள். இரண்டு அணுக்கருக்களை மோதவிட்டால் கண்ணுக்குத் தெரியாத ஒரு பொட்டு நெருப்பு பிறக்குமாம். அது விரிந்து விரிந்து எப்படி ஆறுகிறது என்று கணினியில் கட்டம் கட்டமாகப் பிரித்துக் கணக்குப் போடுவதுதான் அவள் ஆராய்ச்சி. இது நடந்த அன்று பகல் பன்னிரண்டுக்குள் முடிவை அனுப்பாவிட்டால் வெளிநாட்டுப் படிப்பு போய்விடும்.

முந்தின நாள் காலையில்தான் அம்மா வேலாயி அடுப்படியில் சுருண்டு விழுந்தாள். கேஷிகாதான் நாடி பார்த்து, இல்லை என்றாள். சொந்தபந்தம் வரட்டும் என்றதைக் கேட்கவில்லை. மாலையே எரிக்க வேண்டும் என்று நின்றாள். உடம்பைக் குளிப்பாட்டின பக்கத்து வீட்டு மீனம்மா மட்டும் காதோடு சொன்னாள்:

"ஒடம்பு இன்னும் சூடா இருக்கு புள்ள."

"எல்லாச் சூடும் ஆறும்க்கா. நான் படிக்கிறதே அதத்தான்."

நாலு மணிக்குக் கொள்ளி வைத்தார்கள்.

மறுநாள் காடாத்து. சாம்பலில் பால் ஊற்றி ஆற்ற வேண்டும். அண்ணன் விஜிதரன் பால்செம்போடு வாசலில் நின்றான்.

"வர்றியா, இல்ல அந்தப் பொட்டிக்குத்தான் பால் ஊத்தப் போறியா?"

"நீங்க போங்கண்ணே. அது தானா ஆறிடும்."

மணி 10.05. திரையில் நெருப்பு விரிந்தது. எல்லாக் கட்டங்களும் சிவப்பிலிருந்து நீலத்துக்கு ஆறின. நடுவில் ஒன்று மட்டும் ஆறவில்லை.

98.4.

பிழை என்று மறுபடி ஓட்டினாள். 10.40. அதே கட்டம். அதே 98.4.

பால் தீய்கிற வாடை... அடுப்பில் நெருப்பே இல்லை.

11.20. மூன்றாம் தடவை. அந்தக் கட்டம் மெல்லப் பெருத்தது... சுருங்கியது... பெருத்தது.

மூச்சு மாதிரி.

முதுகுக்குப் பின்னால் விறகு வெடித்தது. டப்.

"சுடுதுடி..."

அவள் திரும்பவில்லை. அந்தக் கட்டத்தை அழித்தாள். அனுப்பினாள்.

11.58.

பன்னிரண்டரைக்கு மீனம்மா பால் கலக்காத தேயிலைச் சாயத்தண்ணி கொண்டுவந்தாள். பிள்ளைக்காம்பராவில் தோட்டத்துக் குழந்தைகளைப் பார்க்கிறவள் அவள்.

"நேத்து மனசு கேக்கல புள்ள. புள்ளைங்களுக்குக் காய்ச்சல் பாக்குற மீட்டர ஒங்கம்மா கக்கத்துல வச்சுப் பாத்தேன். விழுந்து அஞ்சு மணி நேரம் இருக்கும்..."

கேஷிகா எவ்வளவு என்று கேட்கவில்லை.

"தொண்ணூத்தெட்டு புள்ளி நாலு" என்றாள் மீனம்மா. "நீ படிச்ச புள்ள. ஒனக்குத் தெரியாததான்னு விட்டுட்டேன்."